நாலு சும்மா

ஐந்து கன்னிகள் புத்தியில்லாதவர்கள் என்று ஆயர் சொன்னபோது பெர்சிஸின் காதில் அது ஐந்து கண்ணிகள் என்றுதான் விழுந்தது. கண்ணிக்குப் புத்தி ஏது, பின்னுகிறவளுக்கல்லவா அது வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் கை தன்னால் மடிக்கு இறங்கி ஊசியைத் தேடியது. மடியில் சேலைத் தலைப்புதான் இருந்தது. உல்லன் பை வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவளேதான் மாட்டினாள், வாசல்வரை வந்து, திரும்பிப் போய், பையைத் தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தாள். பிரசங்கம் முடிந்ததும் கொயர் எழுந்து பாட வேண்டும். அந்தப் பாட்டில் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல் வரிசை, தனியாக எடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சரியாக எடுத்தால் அவள் கொயரில் இருக்கலாம். தவறவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து கீழே சபையோடு உட்கார்ந்து எல்லாரையும்போலப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். வியாழக்கிழமை ஒத்திகையில் அருமைநாயகம் மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை, ஆர்கன் மூடியைத் துடைத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். "ஊசியா பாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்கம்மா. ஞாயித்துக்கிழமையும் இந்த இடம் விழுந்துச்சுன்னா, பெறவு கீழ உக்காந்து நிம்மதியா பின்னுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." நிம்மதியாகவாம். கீழே உட்கார்ந்து பின்னினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டு அவள் கையைத்தானே பார்ப்பார்கள். இங்கே கொயர் பெஞ்சுக்கு முன்னால் ஒரு பலகை இருக்கிறது. நின்றாலும் கை வெளியே தெரியாது. கோத்தகிரிக் குளிரில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டும், ரேஷன் கடை வரிசையில் நகர்ந்துகொண்டும் பின்னிப் பழகியவளுக்கு, பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு அந்தப் பலகைக்குப் பின்னால் நின்று பின்னுவது பெரிய வித்தையே இல்லை. வாய் பாடும், கை பின்னும், இரண்டுக்கும் சண்டை வந்ததே கிடையாது, வியாழக்கிழமை வரைக்கும்.

ஆயர் எண்ணெய்க்கு வந்துவிட்டார். விளக்கில் எண்ணெய் இல்லை, மணவாளன் வர நேரமாகிறது. பாவம் அந்தப் பெண்கள், எத்தனை நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், தூங்காமல் என்ன செய்வார்கள், கையில் ஆளுக்கு ஒரு ஊசி கொடுத்திருந்தால் விடிய விடிய விழித்திருப்பார்கள். சும்மா. அந்த வார்த்தையில் வந்து மறுபடி கால் இடறிவிட்டது. பாட்டில் குரல் நிறுத்திக் காத்திருக்க வேண்டிய தாளங்களுக்கு மாஸ்டர் வைத்த பெயர் அது. ஊரில் வேறு கொயர்களில் என்ன சொல்வார்களோ, இங்கே அதற்குப் பெயர் சும்மா. "சோப்ரானோ ரெண்டு சும்மா, அப்புறம் எடு. டெனர் ஒரு சும்மா." அவரே மெட்டுப் போட்டு வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுகளில் பாடவைக்கிற இந்தப் பாட்டில் ஆல்டோவுக்கு நாலு சும்மா. மற்ற குரல்கள் எல்லாம் அடங்கிவிடும். ஆண்களின் கனத்த குரலான பேஸ் மட்டும் ஒரு நீளமான சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆல்டோ நாலு எண்ணி, ஐந்தாவதில் "காத்திருக்கிறேன்" என்று தனியாக எடுக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். பள்ளிப் பிள்ளைகூட எண்ணிவிடும். புதிதாகச் சேருகிறவர்களிடம் மாஸ்டர் சொல்வார், "சும்மான்னா தூங்குறதில்ல, அதையும் பாடணும், சத்தமில்லாம பாடணும்" என்று. எல்லாரும் சிரிப்பார்கள். பெர்சிஸுக்குச் சிரிப்பு வராது. சும்மா இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாத காரியம். இட்லி வேகிற நேரத்தில்கூட அடுப்புப் பக்கம் நின்று ஒரு வரிசை போட்டுவிடுவாள். "ஏட்டி பெர்சி, ஒன் கைக்கு ஒரு நிமிஷம் லீவு குடுக்கமாட்டியா? கல்யாணத்தன்னைக்காவது பைய வீட்ல வச்சிட்டு வந்தியா, இல்ல சேலைக்குள்ள மறைச்சு வச்சிருந்தியா?" அவள் புருஷன் வேதமுத்து கேட்பார். அவள் முறைப்பாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் பின்னிய ஸ்வெட்டரைத்தான் தலைவழியாக இழுத்து மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம், ஆயரைக் கவனி. கதவு அடைபட்டது என்கிறார். யார் கதவு? வீட்டுக் கதவைப் பூட்டினேனா? பூட்டினாள், சாவி இடுப்பில் குத்துகிறது. அடுப்பு? அடுப்பையே இன்று மூட்டவில்லை, காப்பியைக் கிளாடிஸ் அக்கா பிளாஸ்க்கில் கொண்டுவந்து வழியில் நிறுத்திக் கொடுத்தாள். கிளாடிஸ் அக்கா இதோ பக்கத்தில், கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, பிரசங்கத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். தூங்குகிறாளா கேட்கிறாளா என்று அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அவளுக்கு அப்பால் நேசமணி டீச்சர், அப்புறம் இரண்டு காலேஜ் பெண்கள். அவ்வளவுதான் ஆல்டோ. வியாழக்கிழமை மாஸ்டர் அப்படிச் சொன்னபோது இவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே என்று பெர்சிஸுக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கிறது. எல்லாருமே தாமதமாகத்தானே எடுத்தார்கள்? அவள் விட்டதும் மொத்த வரிசையும் விட்டது. ஆனால் பழி ஊசிக்கு. ஊசி இருந்ததால் பழி சொல்ல வசதியாகப் போயிற்று. அவளும் அதைத்தானே சொன்னாள்? "கண்ணி நழுவிடுச்சு மாஸ்டர், எண்ணிக்கை தப்பிடுச்சு." நழுவினது உண்மை. குனிந்து எடுக்கப் பார்த்ததும் உண்மை. ஆனால் அது ஏன் நழுவியது என்று அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்கிற விஷயமா அது? சொன்னால் பாவம் என்பார்கள், தோளைத் தட்டுவார்கள், மாஸ்டர் தலையைக் குனிந்துகொள்வார், அப்புறம் ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வரும்போது எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கு ஊசிப் பழியே மேல்.

இந்தப் பாட்டு அவளுக்குக் கொயரில் வந்து தெரிந்த பாட்டு இல்லை. வேதமுத்து பேஸ். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற மனிதருக்குத் தொண்டையில் எப்படி அவ்வளவு ஆழம் வந்ததோ, பாடினால் டம்ளர் அதிரும் என்று மகள் கேலி செய்வாள். மகள் கல்யாணமாகிச் சேலத்துக்குப் போன பிறகு சமையலறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் தன் பங்கை ஒத்திகை பார்க்க யாராவது ஆல்டோ எடுக்க வேண்டுமே, அதற்காக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "நான் புடிச்சுக்கிட்டே நிப்பேன், நீ நாலு சும்மா எண்ணு, எண்ணிட்டு எடு." அவர் பிடித்துக்கொண்டு நிற்பார், அவள் ஊசியில் எண்ணுவாள், நூலைச் சுற்ற ஒன்று, இழுக்க ஒன்று, தள்ள ஒன்று, ஊசியைத் திருப்ப ஒன்று, எடுப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். ஒரு குறை மட்டும் அவரிடம் உண்டு. அந்த நீளமான சுரத்தை அவர் ஒரு மயிரிழை முந்தி எடுத்துவிடுவார். வளைவு வருமுன்னே கியர் மாற்றிப் பழகிய ஆள், வேறென்ன செய்வார்? "வேதமுத்து, பஸ் கெளம்பிருச்சோ?" என்று மாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார், ஒவ்வொரு வருஷமும் பஸ் முந்தித்தான் கிளம்பும், கீழே சபையில் உட்கார்ந்திருக்கிற பெர்சிஸுக்கு அந்த மயிரிழையிலேயே தெரிந்துவிடும், அது தன் வீட்டுக் குரல் என்று. போன இரண்டு வருஷமும் அந்தச் சுரத்தை ஆர்கன்தான் பிடித்தது, இந்த வருஷம் அதை எடுப்பது கிங்ஸ்லி தம்பி. பேங்க் வேலை, நல்ல பிள்ளை, நல்ல குரல், தாளம் பிசகாது. சரியாக அந்த நேரத்தில் எடுக்கிறான். அதுதான் பிரச்சினை. வியாழக்கிழமை அவள் காது தன்னால் முந்திக்கொண்டு காத்திருந்தது, வேதமுத்து எடுக்கிற அந்த மயிரிழை நேரத்தில் ஒன்றுமே வரவில்லை, கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்கு நிற்பதுபோல அவள் நின்றாள், அப்புறம் கிங்ஸ்லியின் சுரம் வந்தது, அவள் கை நின்றுபோயிருந்தது, கண்ணி நழுவியிருந்தது.

மூன்று வருஷம் ஆகிறது. ஊர் உலகத்தில் யாருக்கும் வராததா? நெஞ்சுவலி என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. ஆறு மாதம் அவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் பின்னினாள். யாருக்கு என்று இல்லாமல் பின்னினாள். கை இல்லாத ஸ்வெட்டர், கழுத்து இல்லாத ஸ்வெட்டர், முடிந்ததும் பிரித்துவிட்டு மறுபடி. கிளாடிஸ் அக்கா ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடியே, "ஆல்டோல ஆள் இல்ல பெர்சி, ஒனக்குப் பாட்டு தெரியும்னு வேதமுத்தண்ணன் சொல்லியிருக்காரு, பொடவைய மாத்திட்டு வா" என்றாள். கேட்கவே இல்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் ஒத்திகையில் எதிரே பேஸ் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பித்தது, அடக்க முடியவில்லை, பையிலிருந்து ஊசியை எடுத்தாள், நடுக்கம் நின்றது. அன்றிலிருந்து இப்படித்தான். பின்னாமல் அவளால் இங்கே நிற்க முடியாது. பாடாமல் வீட்டில் வெறுமனே பின்னிக்கொண்டிருந்தால், ஆறு மாதம் பின்னினாளே, அதுமாதிரி ஆகிவிடும். இதை எப்படி மாஸ்டருக்குச் சொல்வது? அந்த மனுஷனும் தனி ஆள். பனி இறங்கிவிட்டால் இருமல் ஆரம்பித்துவிடும், கழுத்தில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் சாம்பல் நிற உல்லனில் ஒரு மஃப்ளர் பின்னிக்கொண்டிருந்தாள், கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கலாமென்று. வியாழக்கிழமை அவர் கண்ணெதிரே அவள் கையில் இருந்தது அதுதான். யாரிடம் ஏச்சு வாங்கினாளோ அவருக்காகவே பின்னிக்கொண்டு. வீட்டுக்குப் போனதும் அதன் நுனியைப் பிடித்து ஒரே இழு. பாதி பிரிந்து தரையில் குவிந்த பிறகுதான் ஆத்திரம் அடங்கியது. அடங்கியதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது, இந்த வயதில் என்ன கோபம், நூல் என்ன செய்யும். அள்ளிச் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"ஆமென்" என்றது சபை. ஐயையோ, முடிந்துவிட்டதா? ஆயர் இன்னும் கொஞ்சம் பேசக்கூடாதா, எத்தனை ஞாயிறு தேவையில்லாமல் நீட்டியிருக்கிறார், இன்று பார்த்துச் சுருக்கிவிட்டாரே. கிளாடிஸ் அக்கா மிட்டாயை விழுங்கிவிட்டு எழுந்தாள். எல்லாரும் எழுந்தார்கள், பெர்சிஸும் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆர்கன் முன்னால் மாஸ்டரின் முதுகு தெரிகிறது. அவருக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதில் அவர் சோப்ரானோவைப் பார்ப்பார், எதிரே டெனருக்கும் பேஸுக்கும் தலையாட்டுவார். ஆல்டோ வரிசை பலகைக்குப் பின்னால் ஒதுங்கி, கண்ணாடிக்குள்ளும் வராது, அவர் தலையாட்டுவதும் அங்கிருந்து தெரியாது. கொயரில் ஆல்டோவுக்கு மட்டும் கடவுள்தான் கை காட்ட வேண்டும் என்று நேசமணி டீச்சர் அடிக்கடி சொல்வாள். பாட்டு தொடங்கியது. தொடக்கத்தில் ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாரும் சேர்ந்து போகிற வழி, கூட்டத்தோடு சந்தைக்குப் போவதுமாதிரி போய்விடலாம். கை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. விரல் சில்லென்று இருந்தது. அப்புறம் சோப்ரானோ அடங்கியது, டெனர் அடங்கியது. வந்துவிட்டது. அவள் காது, சொல்பேச்சுக் கேட்காத காது, முந்திக்கொண்டு ஓடிப் போய் அந்த மயிரிழையில் நின்றது. ஏட்டி, நான் புடிச்சுக்கிட்டே நிப்பேன். ஒன்றும் வரவில்லை. இல்லை. வரமாட்டார். இனி எந்த வருஷமும் வரமாட்டார். ஆர்கன் மட்டும் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் அவளுக்கு ஊசியில்லாமல் நிற்க நேர்ந்தது இதுதான் முதல் தடவை. அது அவள் பயந்ததைவிடச் சின்னதாக இருந்தது, ஆனால் முழுசாக வலித்தது. கிங்ஸ்லியின் சுரம் வந்தது, சரியான நேரத்துக்கு, இளசாக, நேராக. ஒன்று.

அவள் குனிந்தாள். கண்ணீர் விழுந்துவிடுமோ என்றுதான் குனிந்தாள். குனிந்தபோது பக்கவாட்டில் கிளாடிஸ் அக்காவின் முகம் தெரிந்தது. கிளாடிஸ் அக்கா மாஸ்டரைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை. பலகைக்குக் கீழே பெர்சிஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அகலமாக, பஸ்ஸைத் தவறவிடுகிறவள் பார்ப்பதுபோல. அவளுக்கு அப்பால் நேசமணி டீச்சர் கழுத்தை நீட்டி அங்கேயே பார்த்தாள். காலேஜ் பெண்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். எதைப் பார்க்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லையே. இரண்டு. ஒன்றுமில்லை என்றுதான் பார்க்கிறார்கள். அட, என்னையா, என் ஊசியையா? நூலைச் சுற்ற, இழுக்க, தள்ள, திருப்ப. மூன்று வருஷமாகவா? எனக்கு நடுங்காமல் இருக்க நான் பின்னினால் இவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு... மூன்று. அவள் கை தானாகப் பிரிந்தது. இடது கை இல்லாத நூலைப் பிடித்துக்கொண்டது, வலது கை இல்லாத ஊசியைத் தள்ளியது, நன்றாக எல்லாருக்கும் தெரியும்படி, குழந்தைக்குச் சோறு காட்டுவதுமாதிரி, மணிக்கட்டைத் திருப்பினாள். நாலு. நாலு பேர் மூச்சு இழுக்கிற சத்தம் பக்கத்தில் கேட்டது.

"காத்திருக்கிறேன்" என்று ஆல்டோ எடுத்தது. ஒரே குரலாக எடுத்தது. தன் குரல் எது, கிளாடிஸ் அக்காவின் குரல் எது என்று பெர்சிஸுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மாஸ்டரின் முதுகு ஒரு நொடி நிமிர்ந்து, மறுபடி ஆர்கனுக்குள் குனிந்தது. அதற்குப் பிறகு பாட்டு எப்படி முடிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எல்லாரும் உட்கார்ந்தார்கள், அவளும் உட்கார்ந்தாள், மூக்கைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். காணிக்கைப் பை கீழே சபையில் ஒவ்வொரு பெஞ்சாக நகர்ந்துகொண்டிருந்தது.

"ஒன் உல்லன் பை எங்கடி?" கிளாடிஸ் அக்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள். "உசிரே போச்சு எனக்கு. ஊசியக் காணோம்னதும் எங்க எடுக்கணும்னே தெரியல."

"நீங்க எண்ணமாட்டீங்களா அக்கா?"

"நான் எங்கடி எண்ணினேன்? நீ வந்ததுலருந்து நீ ஊசியத் திருப்புனா எடுப்போம். டீச்சரும் அப்படித்தான், அந்தப் புள்ளைங்களும் அப்படித்தான். ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப வியாழக்கிழமை..."

"வியாழக்கிழமை நீ திருப்பவே இல்லையே. குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டிருந்தே." கிளாடிஸ் அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாங்க காத்துக்கிட்டிருந்தோம் பெர்சி. அன்னைக்கே மாஸ்டர்ட்ட சொல்லியிருக்கணும். எண்ணத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிடுறேன்."

பெர்சிஸ் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே பேஸ் வரிசையில் கிங்ஸ்லி தம்பி பாட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தான். வேதமுத்து இருந்த நாற்காலியில்தான் அவன் உட்கார்ந்திருந்தான், அவள் இதுவரை கவனிக்கவில்லை. நல்ல பிள்ளை, ஸ்வெட்டர் போடாமல் வந்திருக்கிறான். ஆர்கன் பக்கமிருந்து மாஸ்டர் இருமுகிற சத்தம் வந்தது. சாம்பல் நூலை இன்றைக்கே மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், மத்தியானம் சோற்றை வடித்த கையோடு உட்கார்ந்தால் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும். முடிக்கலாம். வியாழக்கிழமைக்குப் பையைக் கொண்டுவருவதா வேண்டாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கிளாடிஸ் அக்கா கையை விடவில்லை. இன்னொரு கை மடியில் கிடந்தது, சும்மா.